வில்லுப்பாட்டும் கேட்டார் நினைவும்: முத்துப்பட்டன் கதை பற்றிய ஒரு திறனாய்வு

1. ஆய்வுப் பொருள்

ஏட்டில் எழுதிய பாட்டிற்கும் வாயாற் பாடிய பாட்டிற்கும் வேறுபாடு உண்டு என்பதைத் திறனாய்வாளர் எவரும் மறுப்பதில்லை. ஆயினும், நாட்டுப் பாடல்களை ஆராயப் புகும்பொழுது நாம் அவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். வில்லுப்பாட்டுக் கதைகள் சுவடிகளிலிருந்து பெயர்த்தெழுதப்பெற்று அச்சேறியபின், அவற்றையும் காப்பியங்களைப் போலவே கதை, பாத்திரம், உவமை, யாப்பு என்னும் தலைப்புகளின்கீழ்ப் பகுத்து நோக்குகின்றோம். அந்நோக்கு பயனுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கதைகள் படிப்பதற்கென்று பிறந்தவை அல்ல, கேட்பதற்கென்று பிறந்தவை. கேட்டவர் நெஞ்சில் எஞ்சி நிற்பது யாது என்னும் வினாவை எழுப்பாமல் அவற்றின் தகுதியை அளக்க முற்படுவது, நெல்லை விடுத்து மரக்காலை மட்டும் ஆராய்வது போன்றதாகும்.

கேட்டார் நினைவு ஆராய்ச்சிக்குரிய சான்றாகுமா என ஐயுறுவாரும் உளர். நினைவு பிழைபடும், விரும்பியதைப் பெருக்கும், விரும்பாததைச் சுருக்கும், ஆண்டுகள் செல்லச்செல்ல நிறம் மாறும். இவ்வையம் நேரியதே. ஆனால் இக்குறைகளிலேயே அதன் பயனும் அடங்கியுள்ளது. ஒரே கதையை ஆண்டுதோறும் கேட்கும் ஊரார் எதனை மறக்கின்றனர், எதனை மறவாது வைத்திருக்கின்றனர் என்பது ஒருவகைத் தீர்ப்பே. சல்லடையில் நிற்பதும் கீழே விழுவதும் சல்லடையின் இயல்பை மட்டுமன்றி, இட்ட பொருளின் இயல்பையும் காட்டும். அவ்வாறே மறதியும் ஒரு திறனாய்வு எனலாம்.

இக்கருத்தைப் பொதுவாகக் கூறிச் செல்வதனால் பயனில்லை. ஒரு கதையையும் ஒரு நிலத்தையும் எடுத்துக்கொண்டு அதனை நிறுவ வேண்டும். தென்காசியும் குற்றாலமும் சூழ்ந்த நாட்டில், சுரண்டை வட்டாரத்தில், யாம் கேட்ட முத்துப்பட்டன் கதையை ஈண்டு ஆய்வுக்குரியதாகக் கொள்கின்றோம். அக்கதையின் பாடம் பற்றி அறிஞரிடையே எழுந்த பூசல் ஒன்றிற்குக் கேட்டார் நினைவு என்ன விடை தருகின்றது என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் கலையும்

சுரண்டை, தென்காசிக்குக் கிழக்கே அமைந்த ஊர். 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரித்து அமைக்கப்பெற்ற தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. குற்றால மலையிற் பிறக்கும் சிற்றாறும் அதன் கால்களும் குளங்களும் இவ்வட்டாரத்து வயல்களை வாழ்விக்கின்றன. மலையில் சாரல் பெய்தால் இங்குள்ள மக்களின் முகம் மலரும். வயல் வேலையோடு பீடி சுற்றுதலும் இங்குள்ள மகளிர் பலருக்கு வாழ்வாதாரமாக இருந்து வருகின்றது.

இந்நிலத்தில் நாட்டுப் பாட்டிற்கும் புலவர் பாட்டிற்கும் இடையே மதில் எழுப்பப்பட்டதில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறத்தி பாடும் மெட்டுகளைக் கொண்டே குற்றாலக் குறவஞ்சியை ஆக்கினார். சுரண்டைக்கு அண்மையிலுள்ள வீரகேரளம்புதூரில் இருந்து ஆண்ட ஊற்றுமலைச் சமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடி எடுத்துச் செல்வோர் பாடும் சிந்தினையே கழுகுமலை முருகனுக்குரிய இசை இலக்கியமாக உயர்த்தினார். ரெட்டியார் 1891இல் இளமையிலேயே மறைந்தார். அவர்தம் மெட்டுகள் மறையவில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என ஒன்றை வகுத்துக் கூறியிருத்தலை நோக்கின், நாட்டார் பாட்டைப் புலவர் செவிமடுத்தல் தமிழில் பழைய வழக்கு என்பது புலப்படும்.

ஆனால் வில்லுப்பாட்டு அவ்வாறு புலவர் கைக்கு மாறிய கலை அன்று. அது கோயில் முற்றத்திலேயே நின்றது. சுடலைமாடன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களுக்கு ஊரார் எடுக்கும் கொடை விழாவே அதன் இருப்பிடம். கொடை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையை நடுவாகக் கொண்டு நிகழும். நண்பகற் கொடை, நள்ளிரவுச் சாமக் கொடை என வழிபாடு பகுக்கப்பெற்று, அவற்றிற்கு இடைப்பட்ட பொழுதுகளில் வில் ஒலிக்கும்.

வில்லுப்பாட்டின் கருவிகளைச் சுருங்கக் கூறுவாம். பனை வைரத்தாலோ மூங்கிலாலோ செய்து வளைத்த நெடிய வில், அதில் இழுத்துக் கட்டிய தோல் நாண், வில்லில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள், வில்லோடு இணைத்து வைக்கோற் பிரிமணையில் இருத்திய மட்குடம், தலைமைப் பாடகர் நாணைத் தட்டும் வீசுகோல்கள் இரண்டு, உடுக்கை, தாளம், கட்டை. தலைவரைச் சார்ந்து பாடுவோர் வலத்தே எனவும், எதிர் நின்று வாங்கிப் பாடுவோர் இடத்தே எனவும் பெயர் பெறுவர். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி என்பது பாட்டின் அமைப்பு. காப்பியத்தின் பாயிரம் முதலிய உறுப்புகளை இவ்வமைப்பு நினைவூட்டுவது காண்க.

3. கதைப்பொருள்

முத்துப்பட்டன் அந்தணர் குலத்திற் பிறந்தவன், உடன்பிறந்தாருள் இளையவன், கற்றவன், தமையன்மாரோடு மனம் மாறுபட்டு வீட்டை விட்டு நீங்கியவன். மலைவழியில், மாடு காக்கும் வாலப்பகடையின் மகளிராகிய பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரின் பாட்டொலி கேட்டு அவர்பால் காதல் கொள்கின்றான். வாலப்பகடை தோல் தைக்கும் தொழிலையுடைய குலத்தவன். பெண் வேண்டி நின்ற பட்டனிடம் அவன் கூறும் நிபந்தனையே கதையின் உயிர்நிலை. குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, தோல் வேலை பயின்று, செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும் என்கின்றான் பகடை. பட்டன் அவ்வாறே செய்கின்றான், மணமும் நிகழ்கின்றது. மணவினை முடிந்த அண்மையிலேயே ஆநிரை கவரப்பட்டது என்ற செய்தி வருகின்றது. மணக்கோலத்தோடு சென்று பொருது நிரையை மீட்கும் பட்டன், போர் முடிந்து குருதி கழுவக் குனிந்த நிலையில் மறைந்திருந்த ஒருவனாற் குத்துண்டு மாய்கின்றான். அவனுடைய நாய் மகளிரிடம் வருகின்றது. அவர்கள் சிங்கம்பட்டித் தலைவனிடம் ஒப்புதல் பெற்று ஈமத்தீயிற் புகுகின்றனர்.

நிரை மீட்டுப் பட்டான் வரலாறு தமிழ்க்குப் புதியது அன்று. கரந்தைத் திணையும் நடுகல் வழிபாடும் அதனையே பொருளாகக் கொண்டவை. பொதியமலை அடிவாரத்தில், காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் என்னும் பெயரோடு முத்துப்பட்டன் மனைவியரோடு வழிபடப்பெறுகின்றான். ஆடி அமாவாசை நாளில் அங்குக் கூடும் மக்கள் திரள் பெரிது. பண்டை மறவனுக்கு நட்ட கல்லின் வழியிலேயே இப்பீடமும் நிற்கின்றது எனல் பொருந்தும்.

4. ஓர் இரவின் கேள்வி

சுரண்டை வட்டாரத்து அம்மன் கோயில் ஒன்றின் கொடையில் இக்கதையை யாம் கேட்ட இரவினை இனிக் கூறுவோம். பாடியவர் ஐவர். தலைமைப் பாடகர் முதியவர். குரல் கனத்தது, இனியது என்று கூறுதற்கில்லை. முற்பகுதியில் மக்கள் அமைதியாக இருந்தனர் என்றும் கூறுதற்கில்லை. குழந்தைகள் உறங்கின, தேநீர்க் குவளைகள் கைம்மாறின, இளைஞர் எழுந்து சென்று மீண்டனர். கதை அனைவரும் அறிந்தது. முடிவு தெரிந்த கதையைக் கேட்பாரிடம் அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல் இராது. ஆகவே பாடகர் நம்பி நின்றது வேறொன்றை.

செருப்புத் தைக்கும் பகுதி வந்தபொழுது கூட்டத்தின் இயல்பு மாறிற்று. பாடகர் அதனை நகைச்சுவையோடு தொடங்கினார். ஊசி விரலிற் குத்துவதும், தோல் பிடி நழுவுவதும், பகடை அருகிருந்து திருத்துவதும் சிரிப்பை விளைத்தன. இடத்தே இருந்தவர் குறுக்கிட்டு வினவினார், தலைவர் விடை கூறினார், மக்கள் சிரித்தனர். அச்சிரிப்பின் ஊடேயே குடத்தின் நடை மெல்லத் தளர்ந்தது. முதற் செருப்பைத் தைத்து முடித்த பட்டன் அதனை இரு கையாலும் ஏந்திப் பகடையின் காலடியில் வைக்கின்றான் எனப் பாடகர் பாடியபொழுது சிரித்துக்கொண்டிருந்தவரே சிரிப்பதை நிறுத்தினர். நிறுத்துமாறு எவரும் பணிக்கவில்லை.

அதன்பின் பூசலும் வீழ்ச்சியும் விரைந்த நடையிற் சென்றன. நாய் மகளிரிடம் வந்து நின்ற இடத்தில் பாடகர் பாட்டை நிறுத்தினார். வீசுகோல்களை மடிமீது வைத்தார். உரைநடையில், மூத்தவள் கேட்பதாக, உன் தலைவன் எங்கே என்று நாயை நோக்கி வினவினார். வழக்கப்படி இவ்விடத்தில் பின்பாட்டுக்காரர் ஆமாம் என்றேனும், கேட்டதைத் திருப்பிச் சொல்லியேனும் குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. குடம் அடிப்பவர் குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். முந்தைய அடியின் அதிர்வால் மணிகள் சிறிது நேரம் நடுங்கி அடங்கின. பாடகர் இரண்டாம் முறை வினவினார். மீண்டும் அமைதி. மூன்றாம் முறை வினா எழவில்லை. இளையவள் நாயின் வாயிற் குருதியைக் கண்டாள் என்று மட்டும் கூறினார். பின்னர் உடுக்கை ஒன்றே தாழ ஒலிக்க, பாட்டுத் தொடர்ந்தது.

அந்த அமைதியின்போது, எமக்கு முன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், போகாதே என்று கதைப்பெண்ணை நோக்கி வாய்விட்டுக் கூறினார். பகலெல்லாம் பீடி சுற்றிக் களைத்து வந்த மகளிர் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டனர். சிறிது நேரத்தில் கோமரத்தாடிமேல் அருள் வந்தது. யாமும் கண்ணீரை அடக்க இயலாதிருந்தோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

5. ஆமாம் என்னும் குரல்

அவ்விரவின் உருக்கத்திற்குக் காரணம் யாது? பாடகரின் குரலினிமை அன்று, சொல்லழகும் அன்று. ஏனெனில், உருக்கம் உச்சம் எய்திய இடத்தில் குரலும் இல்லை, சொல்லும் இல்லை. அச்சுப் படியில் இவ்விடத்தைத் தேடுவார்க்கு ஒன்றும் அகப்படாது. அமைதியை அச்சுக் கோத்தல் இயலாது.

விடை, பின்பாட்டுக்காரரின் கடமையில் உள்ளது என்பது எம் கருத்து. ஆமாம் என்னும் குரல் வெறும் இடைநிரப்பு அன்று. கேட்போருள் ஒருவர் மேடையில் ஏறி அமர்ந்து, அனைவர் சார்பிலும் கதைக்கு உடன்படும் முறை அது. அக்குரல் ஒலிக்குமளவும் கேட்போர் பொறுப்பின்றி இருக்கலாம். கேட்டல் என்னும் தொழிலை அவர்க்காக மற்றொருவர் செய்துவிடுகின்றார். அக்குரல் நின்றவுடன் கதை நேரே ஒவ்வொருவரிடமும் வந்து சேர்கின்றது. நாயிடம் கேட்ட வினாவிற்கு விடை தெரிந்தவர் அம்முற்றத்தில் இருந்த மக்களே. மகளிர் இருவர்க்கு மட்டுமே அது தெரியாது. சொல்லவேண்டியவர் தாமே என்னும் நிலைக்குக் கேட்போர் தள்ளப்பட்டனர். மூதாட்டி வாய்விட்டுப் பேசியது அறியாமையால் அன்று. காலியாக விடப்பட்ட இடத்தை நிரப்பியதே ஆகும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறத்தற்குரிய நிலைக்களன் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுத்தார். இங்கே நிகழ்ந்தது இழவு. ஆயினும், இழவு கூறப்பட்டபொழுது அழுகை பிறக்கவில்லை, கூறப்படாதபொழுதே பிறந்தது. பட்டன் வீழ்ந்ததைப் பாடகர் முன்னரே பாடிவிட்டார். அப்பொழுது மக்களிடம் தோன்றியது வெகுளி. அறியாதார் அறியப்போகும் கணத்திலேதான் அழுகை தோன்றியது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைப்பட்ட செய்தி கண்ணகிக்கு நேரே உரைக்கப்படாமல், ஆயர்பாடியில் தயங்கித் தயங்கி வந்து சேர்தலை ஒப்புநோக்குக. இளங்கோவடிகள் சொற்களால் ஆக்கிய தயக்கத்தை வில்லுப்பாட்டுக்காரர் குடத்தின் வாயை மூடிய கையினால் ஆக்கினார். முறை வேறு, கலையறிவு ஒன்றே.

வில்லுப்பாட்டை நிகழ்ச்சியாகவே நோக்கவேண்டும் என்பதை ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் வற்புறுத்தியுள்ளார். பிறப்புப் பாடும் கதை, இறப்புப் பாடும் கதை என அவர் கண்ட பாகுபாடும், சாவினைப் பாடுமிடத்தே சடங்கின் செறிவு மிகுதலும் இந்நிகழ்ச்சிக்குப் பொருந்துவனவே. எனினும் அவர் பாடுவோர் பக்கம் நின்று கண்டதைக் கேட்போர் பக்கம் நின்றும் காணவேண்டியுள்ளது.

6. பிறப்பு பற்றிய பூசல்

இனிப் பாடம் பற்றிய பூசலுக்கு வருவோம். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பகடையின் மக்கள் அல்லர் என்றும், காட்டில் விடப்பட்டுப் பகடையால் எடுத்து வளர்க்கப்பெற்ற அந்தண மகளிரே என்றும் கூறும் பகுதி ஒன்று இக்கதை வழக்கில் உண்டு. சாதி கடந்த மணத்தைப் பொறாதார் பிற்காலத்திற் புகுத்திய இடைச்செருகல் அது என்பது வானமாமலையின் முடிபு. கதை, நிகழ்ச்சியை ஒட்டியே எழுந்ததாகலின் அம்மகளிர் பகடையின் மக்களே என்பது அவர் கொள்கை.

இம்முடிபிற்குச் சமூக வரலாற்றுக் காரணங்கள் பல காட்டப்பெற்றுள்ளன. திறனாய்வு முறையாலும் அதனை நிறுவ முடியும் என்கின்றோம். மகளிர் பிறப்பால் அந்தணரே எனக் கொள்ளின், பட்டன் பூணூலை அறுத்தது வீண்செயலாகும். அவன் இழந்தது ஒன்றும் இல்லை. தெரியாமல் தன் குலத்திலேயே மணந்தான் என்று முடியும். செருப்புத் தைத்த காட்சி, அறியாமையால் நேர்ந்த ஒரு வேடிக்கையாகச் சுருங்கிவிடும். கதையின் நடுத்தூண் சாய்ந்தபின் கூரை நில்லாது. ஒரு பகுதியை ஏற்றால் மற்றெல்லாப் பகுதிகளும் பொருளிழக்குமாயின், அப்பகுதி பின்வந்து ஒட்டியது எனக் கொள்ளுதலே முறை.

யாம் கேட்ட இரவில் பாடகர் இப்பகுதியை விட்டுவிடவில்லை. உரிய இடத்தில் முறையாகப் பாடினார். அதனைக் கேட்டார் எவ்வாறு கேட்டனர்? தேநீர் பருகியவாறும், பேசியவாறும், எழுந்து சென்றவாறும் கேட்டனர். மறுநாள் உடன் கேட்டோர் சிலருடன் உரையாடியபொழுது, செருப்பையும் நாயையும் பற்றிப் பேசாதார் இலர். மகளிரின் பிறப்பு மறைவு பற்றிப் பேசினார் ஒருவரும் இலர். பாடகர் நாவில் இருந்த பகுதி, கேட்டார் நெஞ்சில் ஏறவில்லை.

ஓர் இரவில் சிலர் கூறியதை மட்டும் சான்றாகக் கொள்ளல் சாலாது என்பார்க்கு, அதனினும் உறுதியான சான்று ஒன்று உண்டு. சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனுக்கு அடியார் நேர்ந்து கொண்டு செலுத்தும் காணிக்கை செருப்பு. தெய்வத்திற்குக் காலணியைக் கொண்டுவந்து கட்டும் வழக்கம் ஏனைய கோயில்களில் எளிதிற் காணப்படாதது. மக்கள் கதை முழுவதிலும் இருந்து நினைவுக்குரியதாகத் தேர்ந்தெடுத்த பொருள் அதுவே. அவன் ஏந்திய வாளை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவன் துறந்த பூணூலையும் திருப்பித் தரவில்லை. அவன் கற்றுக்கொண்ட தொழிலின் பயனையே அவனுக்குப் படைக்கின்றனர். பிறப்புப் பகுதியைப் புகுத்தியோர் கதையைத் திருத்த முடிந்தது. இக்காணிக்கையைத் திருத்த முடியவில்லை. கேட்டார் நினைவு பொருளுருப் பெற்று நிற்கும் இடம் இது.

7. தடையும் விடையும்

இதற்கு இரண்டு தடைகள் எழக்கூடும். முதலாவது: செருப்புக் காணிக்கை பட்டனின் தொழிலைக் குறிப்பதேயன்றி, மகளிரின் பிறப்பைக் குறிப்பது ஆகாது, ஆதலின் அது பாடப்பூசலைத் தீர்க்காது. உண்மை; அது நேர்ச்சான்று அன்று. ஆனால் கதையின் பொருள்மையம் எங்குள்ளது என்பதற்கு அது சான்று. மையம் அதுவாயின், அம்மையத்தை அழிக்கும் பகுதி கதையோடு உடன்பிறந்ததாக இருத்தல் இயலாது.

இரண்டாவது தடை இதனினும் வலிமையுடையது. இக்கதையைக் கேட்டு அழுத ஊரார், தம் ஊரில் அக்குலத்து மக்களை எங்கே நிறுத்தினர்? கண்ணீரே சான்றாயின், அக்கண்ணீர் ஒரு தெருவையேனும் திறந்ததா? இவ்வினாவிலிருந்து திறனாய்வாளன் தப்பித்தல் கூடாது. வில்லுப்பாட்டு கேட்டு உருகுதல் வேறு, ஒழுகுதல் வேறு. கதையில் பகடையின் காலடியில் செருப்பை வைத்த பட்டனைத் தெய்வமாக்கிய சமுதாயமே, அச்செருப்பைத் தைத்தோரைத் தொலைவில் நிறுத்தியது. தெய்வமாக்குதல் என்பது மதித்தல் மட்டுமன்று. சில வேளைகளில் ஒருவன் செய்ததைப் பிறர் செய்யாதிருத்தற்குரிய வழியுமாகும். பட்டன் தெய்வம், ஆகவே செய்தான், நாம் மக்கள், ஆகவே செய்யவேண்டுவதில்லை என்று நெஞ்சம் தனக்குத்தானே அமைதி கூறிக்கொள்ளும்.

அவ்வாறே மகளிர் தீப்புகுந்த பகுதியும் ஆராயத்தக்கது. உடன்கட்டை ஏறுதல் 1829இல் வங்காளத்திலும், 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் விலக்கப்பட்டது. அவ்வழக்கத்தைப் போற்றும் பாடலுக்கு உருகுதல் தகுமா? மூதாட்டி கூறிய சொல்லை ஈண்டு நினைக. தீயை வணங்குமாறு பாட்டு அழைத்தது; அவரோ போகாதே என்றார். கேட்டார் எப்பொழுதும் பாட்டின்வழியே செல்வதில்லை, எதிர்த்தும் கேட்கின்றனர். நினைவு என்பது பாட்டின் எதிரொலி மட்டும் அன்று என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

ஆதலின், கேட்டார் கண்ணீரை அறமென்று கொள்ளுதலும் தவறு. பொய்யென்று தள்ளுதலும் தவறு. அது ஒரு வினாவை மறவாது வைத்திருக்கும் முறை. செருப்பைக் கண்ட கண் அதனைத் தைத்தவரையும் காணுமாறு செய்தல் பாட்டின் கடமை அன்று; கேட்டார் கடமை.

8. கோயில் வில்லும் மேடை வில்லும்

20ஆம் நூற்றாண்டில் வில் கோயில் முற்றத்தை விட்டு மேடைக்கும் வானொலிக்கும் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லிசையாக நாடெங்கும் பரப்பினார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தம் நகைச்சுவையை வில்லோடு இணைத்தார். சாத்தூர் பிச்சைக்குட்டி தனிப்பெயர் பெற்றார். 1928இல் நெல்லைச் சீமையிற் பிறந்த சுப்பு ஆறுமுகம் கலைவாணரோடு சென்னைக்குச் சென்று, நெடுங்காலம் வில்லிசையை வளர்த்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார். நகரத்தார் பலர் வில் என்னும் கருவியைக் கண்டதே இவர்களால்தான். அப்பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியன்று.

ஆயினும் மாற்றத்தின் விலையைக் கூறவேண்டும். வானொலிக்கும் மேடைக்கும் காலவரையறை உண்டு. குறித்த நேரத்தில் முடிக்கவேண்டிய பாட்டில் அமைதிக்கு இடம் ஏது? வானொலியில் அமைதி, கருவிப் பழுது எனக் கருதப்படும். ஆகவே ஆமாம் என்னும் குரல் இடைவிடாது ஒலிக்கலாயிற்று. பெரும்பாலும் நகைச்சுவைக்கே பயன்படலாயிற்று. அக்குரல் ஓயாது ஒலிக்குமாயின், ஓய்வதனால் விளையும் பயன் தோன்ற வழியில்லை. மேடை வில் கருத்தை நன்கு கூறிற்று. ஆனால் கேட்டாரைத் தனியே விட அதனால் இயலவில்லை.

கோயில் வில்லும் முழுவதும் பழைமையில் உறைந்ததன்று. கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் போன்ற மகளிர் தலைமையேற்று இரவு முழுவதும் பாடிப் புகழ்பெற்றனர். அவர் 2018இல் மறைந்தபொழுது, இளமையில் அவர்தம் பாட்டைக் கேட்டோர் தம் நினைவுகளையே பெருஞ்செல்வமாகக் கொண்டிருந்தனர். இன்று கைப்பேசியில் எவரும் பாட்டைப் பதிந்து வைக்கலாம். ஆனால் பதிவில் அமைதி இருக்கும். அவ்வமைதியைத் தாங்கிக் கேட்ட கூட்டம் இராது.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. வில்லுப்பாட்டின் சுவை சொற்களில் மட்டுமன்றிச் சொல் நிற்கும் இடங்களிலும் உள்ளது. அவ்விடங்களை அறிதற்குக் கேட்டார் நினைவே வாயில் என்பது ஒன்று. முத்துப்பட்டன் கதையில் மகளிர் அந்தணர் எனக் கூறும் பகுதி, கதையின் உள்ளமைப்பாலும், கேட்டார் நெஞ்சில் இடம்பெறாமையாலும், செருப்புக் காணிக்கையாலும் பின்வந்ததெனக் கொள்ளத்தக்கது என்பது மற்றொன்று. கேட்டார் நினைவு பாட்டிற்கு அடங்கியதன்று. அதனோடு உடன்பட்டும் மாறுபட்டும் நிற்கும் ஆற்றலுடையது என்பது மூன்றாவது.

இனிப் பதிப்பிப்போர் பாட்டைப் பெயர்த்தெழுதுவதோடு அமையாது, குடம் எங்கே நின்றது, பின்பாட்டு எங்கே ஓய்ந்தது, கூட்டம் எங்கே பேசிற்று, எங்கே எழுந்து சென்றது என்பவற்றையும் குறித்து வைத்தல் வேண்டும். கேட்டோரைச் சில திங்கள் கழித்து மீண்டும் கண்டு, எது நின்றது என வினவுதலும் வேண்டும். அவ்வாறு வினவுங்கால் முற்றத்தின் முன்வரிசையில் இருந்தாரை மட்டும் வினவுதல் போதாது. நெடுங்காலம் கூட்டத்தின் புறத்தே நின்று இதே கதையைக் கேட்டவர், அதாவது செருப்புத் தைக்கும் பகுதியைத் தம் குடும்பத் தொழிலாகவே அறிந்தவர், எதனை நினைவில் வைத்துள்ளனர் என்பதை முதற்கண் கேட்டறிதல் வேண்டும். முத்துப்பட்டன் கதைக்கு இன்னும் எழுதப்பெறாத உரை அவர்களிடமே உள்ளது.